டேவிட் சைமன்ஸ் எழுதிய கட்டுரைகள்: கொஞ்சம் உதவி வேண்டும்

வணக்கம். பிசியோதெரபி முதுகலை படிக்கிறேன். தோள்பட்டைத் தசையில் ஓரிடத்தை அழுத்தினால் நெற்றிப்பொட்டில் வலிக்குமே, அந்த ட்ரிகர் பாயிண்ட் ஆராய்ச்சியில் மருத்துவர் ஜேனட் டிராவலுடன் சேர்ந்து வேலை செய்த டேவிட் சைமன்ஸின் கட்டுரைகளை ஆண்டுவாரியாகத் தொகுக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், மனிதர் முதலில் அமெரிக்க விமானப்படை மருத்துவர். 1957-இல் பலூனில் ஏறி 30 கிலோமீட்டருக்கு மேல் போனவர்! மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் 'சைமன்ஸ் டி.ஜி.' என்று தேடினால் விண்வெளி மருத்துவமும் தசைவலியும் கலந்து வருகின்றன. அதே முதலெழுத்து கொண்ட வேறு ஆட்களும் நடுவில் நுழைகிறார்கள். பழைய கட்டுரைகளில் நிறுவன முகவரியும் இல்லை. இவற்றைப் பிரிக்க எளிய வழி உண்டா?

அப்புறம், 1975, 76-இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பிசிக்கல் மெடிசினில் தசைவலி பற்றி இரண்டு பாகமாக எழுதியிருக்கிறார். டிராவலுடன் 1983-இல் கொண்டுவந்த கையேட்டைவிட எனக்கு இதுதான் முக்கியம். பழைய ஆய்வுகளை அவர் எப்படி எடைபோட்டார் என்று அதில் பார்க்கலாம். கல்லூரி நூலகத்தில் அவ்வளவு பழைய இதழ்கள் இல்லை. மருத்துவக் கல்லூரி நூலகங்களில் பழகியவர்கள், எங்கே கிடைக்கும் என்று சொன்னால் நேரில் போய்ப் பார்த்துக்கொள்வேன்.