1000 கஜத்தில் ஸ்கோப் திருத்தம்: மறக்க முடியாத அனுபவங்களைப் பகிருங்கள்

பதிவு 1

இங்கிலாந்தின் பிஸ்லி சுடுதளத்தில் காலையில் 600 கஜத்தை முடித்துவிட்டு, பிற்பகலில் ஸ்டிக்கிள்டவுன் தளத்தில் 1000 கஜத்துக்குப் படுத்தேன். 100 கஜத்தில் குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி அமைத்த சுழியத்திலிருந்து, என் .308 ரைபிளுக்கு 35 எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) ஏற்ற வேண்டும். ஸ்கோப்பின் மேலுள்ள, உயரத்தை மாற்றும் திருகான டர்ரெட்டில் காலையில் வைத்த 12 அப்படியே நின்றது. ஒரு சுற்றுக்கு 15 எம்ஓஏ தரும் டர்ரெட் அது. டர்ரெட்டின் 0 குறியை இருமுறை கடந்து 5இல் நிறுத்த வேண்டிய நான், ஒருமுறை மட்டும் கடந்து 5இல் நிறுத்திவிட்டேன். குண்டு பட்டால், பட்ட இடத்தைக் குறிக்க இலக்குப் பலகையைக் கீழே இறக்குவார்கள்; முதல் சோதனைக் குண்டுக்கு அது இறங்கவே இல்லை. காற்றைத் தவறாகக் கணித்துவிட்டதாக எண்ணிப் பக்கவாட்டில் 2 எம்ஓஏ மாற்றி இரண்டாவதையும் சுட்டேன். அப்போதும் பலகை அசையவில்லை. பக்கத்தில் தொலைநோக்கி வைத்திருந்தவர்தான், பலகைக்கு வெகு கீழே மண்மேட்டில் புழுதி கிளம்பியதைச் சொன்னார். 15 எம்ஓஏ என்பது அந்தத் தூரத்தில் ஏறத்தாழ 4 மீட்டர். சுற்றுகளைக் காட்டும் கோடுகள் டர்ரெட்டின் அடியிலேயே இருந்தன; நான் எண்ணை மட்டுமே பார்த்தேன். இறங்காமல் நின்ற அந்தப் பலகை இன்னும் கண்முன் நிற்கிறது.

பதிவு 2

எனக்கு அமெரிக்காவின் கேம்ப் பெர்ரி சுடுதளத்தில் நேர்ந்தது வேறு. இலக்கு கூர்மையாகத் தெரிந்தது, தூரத்துக்கேற்ப ஸ்கோப்பின் குவியத்தைச் சரிசெய்யும் பக்கக் குமிழும் 1000 என்று அச்சிட்ட இடத்திலேயே இருந்தது. ஆனாலும் குண்டுகள் மேலும் கீழுமாகச் சிதறின. ரைபிளை மணல்மூட்டையின்மேல் தொடாமல் விட்டுவிட்டுத் தலையை மட்டும் மெல்ல அசைத்துப் பார்த்தேன். 5 அங்குல நடு வளையத்தில் இருந்த குறுக்கிழை, என் கண்ணோடு சேர்ந்து 9ஆம் வளையம்வரை ஊர்ந்து சென்றது. இடமாறு தோற்றப் பிழையைப் படித்திருந்தேன். கண்ணால் கண்டது அன்றுதான்.

பதிவு 3

முதலில் எழுதிய நண்பர் சுற்றை எண்ணத் தவறியதையே பெரிதாகச் சொல்கிறார். அது இரண்டு குண்டுகளில் தெரிந்துவிடும் தவறு. தெரியாமலேயே பல போட்டிகளைத் தின்றுவிடுவது ஸ்கோப்பின் சாய்வு. 300 கஜத்தில் நேராக விழுந்த என் குண்டுகள், 1000 கஜத்தில் எப்போதும் வலப்பக்கமே விழுந்தன. ஓராண்டு முழுவதும் நான் காற்றையே குறை கூறினேன். டர்ரெட் ஏற்றும் திசை 1 பாகை சாய்ந்திருந்தால்கூட, 35 எம்ஓஏ ஏற்றும்போது குண்டு பக்கவாட்டில் 6 அங்குலத்துக்கும் மேல் விலகும். நடுவைக் குறிவைத்தாலும் 10 அங்குல அகலமுள்ள 10ஆம் வளையத்துக்கு வெளியே போய்விடும். ஆகவே அனைவரும் இதைச் செய்யுங்கள். 100 கஜத்தில் உயரமான தாளை ஒட்டி, தூக்குக்குண்டு கட்டிய நூலைப் பார்த்துச் செங்குத்தாகக் கோடு வரையுங்கள். கோட்டின் அடியில் ஒரு புள்ளியைச் சுட்டுவிட்டு, 30 எம்ஓஏ ஏற்றி, அதே புள்ளியையே குறிவைத்து மீண்டும் சுடுங்கள். குண்டு 31.4 அங்குலம் மேலே, கோட்டின்மேலேயே விழ வேண்டும். உயரம் மாறினால் உங்கள் டர்ரெட்டின் ஒவ்வொரு கிளிக்கும் அச்சிட்ட அளவில் நகர்வதில்லை; கோட்டை விட்டு விலகினால் ஸ்கோப் சாய்ந்திருக்கிறது. ஸ்கோப்பை ரைபிளில் பிடித்திருக்கும் வளையங்களின் திருகாணிகளை ஒரே பக்கமாக இறுக்கினால் ஸ்கோப் சுழன்றுவிடும். மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ரசமட்டத்தைக் கடைசியாக, இந்தச் சோதனை முடிந்த பிறகே பொருத்துங்கள்.

பதிவு 4

முதல் பதிவை எழுதியவன் நான். ரசமட்டம் என் ரைபிளில் அன்றும் இருந்தது அண்ணா, குமிழி நடுவில்தான் நின்றது. தவறு என் எண்ணிக்கையில்தான். இப்போது ஒவ்வொரு தூரமும் முடிந்தவுடன் டர்ரெட்டைச் சுழியத்துக்குத் திருப்பிய பிறகே எழுகிறேன். ஆனால் தாள் சோதனையை இதுவரை செய்ததில்லை. வரும் ஞாயிறன்று தூக்குக்குண்டை எடுத்துச் செல்கிறேன்.