புதுப்பிப்பு: தானாகச் சைலன்ட்டுக்குப் போகும் செயலி, ஒருவழியாகச் சரியானது

நூலகத்துக்குள் போனதும் போனைச் சைலன்ட்டில் போடும் என் செயலி, உட்கார்ந்த இடத்திலேயே ஒலியை மாறி மாறிப் போட்டு அணைக்கிறது, பேட்டரியும் மதியத்துக்குள் காலி என்று போன வாரம் புலம்பியிருந்தேன் அல்லவா?

தப்பு என்னுடையதுதான். 30 விநாடிக்கு ஒருமுறை ஜிபிஎஸ்ஸைக் கேட்டு, 50 மீட்டர் வட்டத்துக்குள் இருக்கிறோமா என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் புள்ளி ஒரு இடத்தில் நிற்காது. நாம் நாற்காலியில் இருப்போம், அது தெருவில் உலாவிவிட்டு வரும்.

இப்போது அந்த வேலையை ஆண்ட்ராய்டின் ஜியோஃபென்ஸிடமே விட்டுவிட்டேன். நாம் பதிந்துவைக்கும் வட்டத்துக்குள் போன் வருகிறதா, வெளியே போகிறதா என்று அதுவே கவனித்துச் செயலிக்குச் சொல்லும். வட்டம் 150 மீட்டர். 'உள்ளே வந்தார்' என்ற நிகழ்வை விட்டு, 'உள்ளே தங்கியிருக்கிறார்' என்பதைப் பிடித்து 3 நிமிடக் காத்திருப்பு வைத்தேன். சும்மா அந்தப் பக்கம் கடந்து போனால் போன் ஊமையாவதில்லை. தகவல் சில நிமிடம் தாமதமாக வருகிறது. எனக்கு அது போதும்.

அப்புறம் ஒன்று: போனை அணைத்துப் போட்டால் பதிந்த வட்டங்கள் அழிந்துவிடும். மறுபடி பதிய வேண்டும். இதில் ஒரு நாள் போனது!

இடம், நேரம் எல்லாம் சரியாகக் கணித்தும் ஒரு எரிச்சல் மிச்சமிருந்தது. அவசர அழைப்புக்காக நானே ஒலியைக் கூட்டினால் செயலி மறுபடி அடக்கியது. சூழலை ஊகிப்பதைவிட நம் கை சொல்வதுதான் பெரிது, இல்லையா? கையால் மாற்றினால், அந்த இடத்தை விட்டு வெளியேறும்வரை செயலி இனி வாயே திறக்காது.