கியர் கேபிள் முனை அடிக்கடி கழலுது

கேள்வி: 5 ஸ்பீடு மேனுவல் கார். லீவர் தொளதொளன்னு ஆடுது, கியர் விழலை. கியர்பாக்ஸ் பக்கம் ஒரு கேபிள் முனை கழன்று கிடக்கு. அழுத்தி மாட்டினாலும் நிக்கலை. கேபிளையே மாத்தணுமா?

பதில் 1: அவசரப்படாதீங்க. முனைக்குள்ள இருக்கிற புஷ் (பிளாஸ்டிக் இல்லேன்னா ரப்பர் வளையம்) தேஞ்சிருக்கும். ஆயிலும் சூடும் பட்டு வாய் விரிஞ்சா பால் ஸ்டட்டை, அதாவது கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிற உருண்டைத் தலை முளையைப் பிடிக்காது. புஷ் தனியாக் கிடைச்சா அதுவே போதும். ஸ்டட்டைத் துடைச்சு, லேசா கிரீஸ் தடவி, ‘டக்’குனு உக்கார்ற வரைக்கும் அழுத்துங்க.

பதில் 2: கேபிளைத் தாங்குற பிராக்கெட்டையும் பாருங்க சார். இன்ஜின் ஆஃப், ஹேண்ட்பிரேக் போட்டு, ஒருத்தர் லீவரை அசைக்கட்டும். கேபிளோட வெளி உறையும் சேர்ந்து நகர்ந்தா, அதைப் பிடிக்கிற கிளிப் போயிருச்சு. அதை விட்டுட்டு எத்தனை புஷ் போட்டாலும் வீண்.

கேட்டவர்: அதுவரைக்கும் கேபிள் டை (பிளாஸ்டிக் கட்டு நாடா) போட்டு முனையைக் கட்டி வைக்கலாமா?

பதில் 1: வீடு போய்ச் சேர மட்டும். குறுக்கா ரெண்டு. ரொம்ப இறுக்காதீங்க, முனை ஸ்டட்டில் திரும்பணும். சூட்டில் டை இளகிடும்.