மணல் புகுந்த லென்ஸ்: கையால் அழுத்தலாமா?

தென்றல்76: சென்ற வாரம் தனுஷ்கோடியில் பலத்த காற்று. அரிச்சல்முனையில் அப்பாவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது என் சிறிய டிஜிட்டல் கேமராவின் லென்ஸ் பாதி நீண்டபடியே நின்றுவிட்டது. இயக்கினால் கரகரவென்று ஓர் ஒலி. திரையில் லென்ஸ் பிழை என்று காட்டிவிட்டு அணைந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

கைவினைஞன்: பேட்டரியைக் கழற்றிவிட்டு, லென்ஸ் குழலைக் கட்டைவிரலால் நேராக உள்ளே அழுத்துங்கள். 'டக்' என்று கேட்டால் சரியாகிவிட்டது. கீழே விழுந்த இரண்டு கேமராக்களை இப்படித்தான் மீட்டேன்.

இருட்டறை: தயவுசெய்து அழுத்தாதீர்கள்! விழுந்த கேமரா வேறு, மணல் புகுந்த கேமரா வேறு. லென்ஸ் குழல் என்பது ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய வளையங்கள். ஒன்றின் சிறு முனைகள் மற்றொன்றின் பள்ளத்தில் ஓடும். ஒரு குட்டி மோட்டார் பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் வழியாக அவற்றைச் சுழற்றும். விழுந்த கேமராவில் முனை பள்ளத்தைவிட்டு விலகியிருக்கலாம். அழுத்தினால் மீண்டும் அமரக்கூடும். உங்கள் கேமராவிலோ மணல் பள்ளத்திலேயே கிடக்கிறது. அழுத்தினால் பிளாஸ்டிக்கைக் கீறும், பல்லை உடைக்கும்.

திரும்பத் திரும்ப இயக்கிப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். லென்ஸ் தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, ரப்பர் ஊதுகுமிழால் குழலைச் சுற்றி ஊதுங்கள். வாயால் ஊத வேண்டாம். ஈரத்தில் மணல் ஒட்டிக்கொள்ளும். பிறகு வளைய இடுக்கில் மெல்லிய தூரிகை. கடைசியாக, முழுதாக சார்ஜ் ஏற்றிய பேட்டரியோடு ஒரே ஒருமுறை இயக்குங்கள்.

கைவினைஞன்: பள்ளத்தின் அடியில் சிக்கிய மணல் தூரிகைக்கு வராது. பழுது பார்க்கக் கேட்கும் கூலியில் பழைய கேமரா ஒன்றையே வாங்கிவிடலாம். வீணாகக் கிடக்கப்போகும் கருவியில் முயன்று பார்த்தால் என்ன குறைந்துவிடும்? அழுத்த மனமில்லை என்றால் திருகுகளைக் கழற்றி உள்ளே துடையுங்கள்.

இருட்டறை: திருகைக் கழற்றச் சொல்லும் நீங்கள் ஃபிளாஷ் மின்தேக்கியைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லையே! ஏறத்தாழ 300 வோல்ட் அதில் தேங்கியிருக்கும். பேட்டரியை எடுத்த பிறகும் உடனே வடிந்துவிடாது. பழக்கமில்லாதவர் விரல் பட்டால் பலத்த அதிர்ச்சி.

கைவினைஞன்: அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. பழக்கமில்லாதவர் திறக்க வேண்டாம். ஆனால் தூரிகை பயன்படாமல் போனால் அழுத்திப் பார்ப்பதுதான் மிச்சமுள்ள வழி. அதில் நான் மாறவில்லை.

தென்றல்76: ஐயா, எனக்குக் கேமராவைவிடப் படங்கள்தான் பெரிது. மெமரி கார்டை வீட்டிலேயே மறந்துவிட்டேன். அங்கு எடுத்த 7 படங்களும் கேமராவின் உள் நினைவகத்தில்தான் இருக்கின்றன.

இருட்டறை: அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! பவர் பொத்தானைத் தொடாதீர்கள். படம் பார்க்கும் முக்கோணக் குறியிட்ட பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். பல சிறிய கேமராக்கள் அப்படி இயங்கும்போது லென்ஸை அசைப்பதில்லை. திரை வந்ததும் கேபிளில் கணினியோடு இணைத்துப் படங்களை நகலெடுங்கள்.

கைவினைஞன்: இதில் எனக்கு மறுப்பே இல்லை. படங்கள் கைக்கு வரும்வரை எந்த முயற்சியும் வேண்டாம்.

தென்றல்76: 7 படங்களும் வந்துவிட்டன. கடைசிப் படத்தில் அப்பா, காற்றில் பறக்கும் துண்டை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஊதுகுமிழ் நாளை வாங்குகிறேன். அதுவரை பேட்டரி வெளியேதான் இருக்கும்.