கற்ற எழுத்து கைவிட்டுப் போகாமல் இருக்க: ஊர் நூலகங்களில் நாங்கள் பார்த்தது

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கம் நடந்தபோது நான் கீரனூர் பக்கம் ஒரு ஊரில் இரவு வகுப்பு எடுத்தேன். அப்போது எனக்கு வயது 19. வகுப்புக்கு வந்தவர்களில் பாதிப்பேர் பகலெல்லாம் குவாரியில் கல் உடைக்கும் பெண்கள். முதல் பாடம் ‘பட்டா, படி’. பட்டா என்றால் என்னவென்று விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்தக் காகிதத்துக்காகத் தாலுகா ஆபீசுக்கு நடந்து கால் தேய்ந்தவர்கள் அவர்கள். பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் கொடுத்த ஊக்கம், இதையெல்லாம் பலர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது அதற்குப் பின்னால் நடந்தது.

ஐந்து வருடம் கழித்துத் திருவிழாவுக்காக அந்த ஊருக்குப் போனேன். வகுப்பிலேயே வேகமாகப் படித்த அக்காவிடம் கோயில் நோட்டீஸை நீட்டினேன். ‘மாரியம்மன்’ வரை வந்தவர், ‘கொடியேற்றம்’ என்ற இடத்தில் நின்றுவிட்டார். “இந்தக் கொம்பு முன்னாடி நிக்கிதே, இதை எப்பச் சொல்லணும்னு மறந்துபோச்சு தம்பி” என்றார். அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. கொம்பைக் கண் முதலில் பார்க்கிறது, வாய் அதைப் பிறகுதான் சொல்ல வேண்டும். பழக்கம் விட்டால் முதலில் கழன்று போவது இந்த இடம்தான். அப்புறம் ஞ, ங போல அபூர்வமாக வரும் எழுத்துகள். கடைசி வரை மிஞ்சுவது சொந்தப் பெயர். கையெழுத்துப் போடுகிறார் என்பதை வைத்து இவருக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று கணக்கு எழுதிவிடுகிறோம். அது போதாது.

பக்கத்து ஊரில் அப்படி நடக்கவில்லை. அங்கே வகுப்பு எடுத்த பெண், வகுப்பு முடிந்த பிறகும் ஒரு தகரப் பெட்டியில் பெரிய எழுத்துப் புத்தகங்களைப் போட்டுத் தன் வீட்டுத் திண்ணையில் வைத்திருந்தார். பதினாறு, முப்பத்திரண்டு பக்கச் சின்னப் புத்தகங்கள். கூடவே தினமும் ஒரு தினத்தந்தி. அந்தத் திண்ணைக்கு வந்துபோன பெண்கள் அதே நோட்டீஸை எனக்கு முழுதாக வாசித்துக் காட்டினார்கள்.

உங்கள் ஊர்களில் என்ன நடந்தது? நூலகத்தில் வேலை பார்த்தவர்கள் அவசியம் சொல்லுங்கள்.

*

நான் மன்னார்குடி பக்கம் ஒரு ஊர்ப்புற நூலகத்தில் வேலை பார்த்தவள். 1931இல் மாட்டுவண்டி நூலகம் கிளம்பிய பகுதி இது. இந்திய நூலகத் துறையின் முன்னோடி எஸ்.ஆர். அரங்கநாதன் பெயரை எங்கள் வேலையில் தினமும் கேட்போம். அந்த வண்டி ஆளைத் தேடிப் போனது. நாங்களோ நடவுக்கும் களையெடுக்கவும் பெண்கள் வயலில் இருக்கும் நேரத்தில் கதவைத் திறந்து வைத்துவிட்டு, யாரும் வரவில்லை என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் வாசலில் இரண்டு பேர் நூறு நாள் வேலை அட்டையை வைத்துக்கொண்டு நின்றார்கள். எத்தனை நாள் பதிந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லக் கேட்டார்கள். நான் சொல்லவில்லை. “உட்காருங்கக்கா, சேர்ந்தே பார்ப்போம்” என்றேன். தேதி, நாள், கூலி என்று விரல் வைத்துப் படிக்க அரை மணி நேரம் ஆனது. மறுநாள் ஐந்து பேர் வந்தார்கள். அதற்குப் பிறகு இருட்டிய பின்பும் ஒன்றரை மணி நேரம் நானாகவே திறந்து வைத்தேன்.

அவர்கள் விரும்பி எடுத்தது எது தெரியுமா? அம்மன் தாலாட்டு, ஒப்பாரித் தொகுப்பு, கோலப் புத்தகம். பாட்டு ஏற்கெனவே மனப்பாடம். அடுத்து என்ன சொல் வரும் என்று தெரிவதால் எழுத்தைப் பார்த்துப் பயமில்லாமல் போகலாம். மனப்பாடமாகச் சொல்கிறார்கள், இது படிப்பா என்று கேட்டவர்கள் உண்டு. படிப்புதான். அந்தப் பாட்டிலிருந்துதான் அவர்கள் செய்தித்தாளுக்கு வந்தார்கள்.

இன்னொன்று, புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகப் பயப்படுவார்கள். கிழிந்தால் காசு கட்ட வேண்டுமே என்ற பயம். ஒரு அம்மா அரிசிப் பானைக்குள் வைத்துப் பாதுகாத்தார். திரும்பி வந்த புத்தகத்தில் இரண்டு அரிசி இருந்தது. அதை நான் தட்டிவிடவில்லை.

*

தருமபுரி மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன், சுருக்கமாக. எங்கள் ஊராட்சி நூலகம் பல வருடம் பூட்டிக் கிடந்தது. நாங்கள் படித்தவர்கள் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து கேட்டது என் பெரியம்மா. ஐம்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவர். வீட்டு வரி ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, “இதுல நூலக வரின்னு போட்டிருக்கே, அந்த நூலகம் எங்க சாமி இருக்கு?” என்றார். வீட்டு வரியோடு அந்த வரியையும் கட்டுகிறோம் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. இப்போது வாரத்தில் இரண்டு மாலை ஊர்ப் பிள்ளைகள் முறை வைத்துத் திறக்கிறார்கள். போதாது, ஆனாலும் திறக்கிறது.

*

என் அம்மா புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் 200 மணி நேரம் படித்து, ஊர்ப் பள்ளியிலேயே 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு எழுதினார். தேறிய சான்றிதழை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். ஆனால் வகுப்பு நின்ற மூன்றாவது மாதமே பஸ் போர்டைப் படிக்காமல் பழையபடி நம்பரைப் பார்த்து ஏற ஆரம்பித்துவிட்டார்.

நூலகத்துக்குக் கூட்டிப் போனேன். பெயர் வேண்டாம், அங்கே இருந்தவர், “பாட்டி, இது படிக்கிறவங்க உட்கார்ற இடம்” என்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அந்த வார்த்தையை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. ஒரு வருடம் அந்தப் பக்கமே அவர் போகவில்லை.

அப்புறம் என் மகள் மூன்றாம் வகுப்புக்கு வந்தாள். ‘பேத்தியைக் கூட்டிட்டுப் போறேன்’ என்று சொல்லிக்கொண்டு அம்மா மறுபடி கிளம்பினார். நூலகத்தில் வேறு ஒருவர் வந்திருந்தார். இரண்டு பேரும் ஒரே படக்கதைப் புத்தகத்தை ஆளுக்கொரு வரியாக வாசிப்பார்கள். கொம்பு வரும் இடத்தில் இவர் தடுக்குவார், ஒற்று வரும் இடத்தில் அவள் தடுக்குவாள். முதல் பதிவில் சொன்னது முழுக்க உண்மை.

போன வாரம் நானும் கூடப் போயிருந்தேன். வாசலில் வருகைப் பதிவேடு. பெயர், ஊர், நேரம், கையெழுத்து என்று நான்கு கட்டங்கள். அம்மா முதலெழுத்தோடு பெயரை எழுதினார். பிறகு ஊர்ப் பெயர். பின்னால் மூன்று பேர் காத்திருந்தார்கள். நான் பேனாவை வாங்கப் போனேன். “இரு” என்று என் கையை விலக்கிவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தையும் எழுதினார்.