சாஃப்டாகுலஸ் பட்டியலில் இருக்கும் பழைய வேர்ட்பிரஸ் பதிவை நீக்கலாமா? தளம் இடம் மாறியபின் எதுவும் சரியாக இல்லை

முகில்:
வணக்கம். ஒரு வாசகர் வட்டத்தின் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இப்போது என்னிடம் வந்திருக்கிறது. சிபேனல் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பலகை) உள்ள ஹோஸ்டிங், வேர்ட்பிரஸ் தளம். முன்பு பொறுப்பில் இருந்தவர் சிபேனலில் உள்ள சாஃப்டாகுலஸ் என்ற இன்ஸ்டாலர் வழியாக ஒரே கிளிக்கில் நிறுவியிருக்கிறார். எந்த ஃபோல்டரில் நிறுவ வேண்டும் என்று கேட்கும் கட்டத்தில் ‘டபிள்யூபி’ என்று தானாகவே இருந்ததை அப்படியே விட்டிருக்கிறார். அதனால் தளம் டொமைனுக்கு அடுத்து ‘/டபிள்யூபி’ என்ற முகவரியில் போய் உட்கார்ந்துவிட்டது. பிறகு ஃபைல் மேனேஜரில் எல்லாக் கோப்புகளையும் தேர்வு செய்து, தளத்தின் மேல்நிலை ஃபோல்டரான பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்கு நகர்த்தி, பழைய ஃபோல்டரை அழித்திருக்கிறார். அமைப்புகளில் ஏதோ ஒரு முகவரியையும் மாற்றினாராம். இதற்கு மேல் அவருக்கு நினைவில்லை.

இப்போது முகப்பு திறக்கிறது, ஆனால் வடிவமைப்பே இல்லாமல் வெறும் எழுத்தாக வருகிறது. உள்பக்கம் எதைத் தொட்டாலும் 404 (பக்கம் இல்லை) பிழை. லாகின் பக்கம் வருகிறது. பாஸ்வேர்டு கொடுத்து அழுத்தினால் டபிள்யூபி ஃபோல்டருக்குத் தாவி அங்கேயும் 404. சாஃப்டாகுலஸ் பட்டியலில் இன்னும் பழைய முகவரிதான் இருக்கிறது. அங்கிருந்து அப்கிரேடு செய்தால் கோப்புகளைக் காணோம் என்று நின்றுவிடுகிறது.

அந்தப் பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். நீக்கும் பக்கத்தில் ஃபோல்டர், டேட்டாபேஸ், டேட்டாபேஸ் பயனர் மூன்றுக்கும் டிக் போட்டிருக்கிறது. பழைய ஃபோல்டர்தான் இல்லையே, அப்படியே அழுத்திவிடலாமா? பல ஆண்டுக் கட்டுரைகள் உள்ள தளம், அதனால்தான் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று காத்திருக்கிறேன்.

தறிநூல்:
பிளகின் கோளாறாக இருக்கலாம். பிளகின்ஸ் ஃபோல்டரின் பெயரை மாற்றிப் பாருங்கள். வேர்ட்பிரஸ் ஓடும் மொழியான பிஎச்பியின் பதிப்பையும் ஒருமுறை பாருங்கள்.

ஆழிமுனை:
முகில், தயவுசெய்து அந்த நீக்கு பொத்தானை அழுத்தாதீர்கள்.

இடம் மாறியது கோப்புகள் மட்டும்தான். டேட்டாபேஸ் எங்கும் போகவில்லை. நிறுவிய அன்று சாஃப்டாகுலஸ் உருவாக்கிய அதே டேட்டாபேஸில்தான் இன்றைக்கும் உங்கள் கட்டுரைகள், பயனர்கள், மறுமொழிகள் எல்லாம் இருக்கின்றன. பட்டியலில் உள்ள பதிவு ஃபோல்டரைப் பொறுத்தவரை பழையது, டேட்டாபேஸைப் பொறுத்தவரை இப்போதும் நடப்பில் இருப்பது. டேட்டாபேஸ் டிக்கோடு நீக்கினால் ஓடிக்கொண்டிருக்கும் தளத்தின் உள்ளடக்கம் முழுக்க அழிந்துவிடும். பயனரையும் நீக்கினால், பேக்கப்பிலிருந்து டேட்டாபேஸை மீட்டாலும் தளத்தால் அதோடு இணைய முடியாது.

தறிநூல் சொன்னதை இப்போதைக்கு விட்டுவிடலாம். பிளகினோ பிஎச்பியோ காரணம் என்றால் பெரும்பாலும் வெள்ளைத் திரையோ 500 பிழையோ வரும். இங்கே எல்லாம் இல்லாத ஒரு ஃபோல்டரைத் தேடிப் போகிறது. இது முகவரிச் சிக்கல்.

எதையும் மாற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஃபைல் மேனேஜரில் டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பைத் திறந்து, டிபி_நேம் என்ற வரியில் உள்ள பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். சிபேனலில் அது உங்கள் கணக்கின் பெயர், ஓர் அடிக்கோடு, அப்புறம் சில எழுத்துகள் என்று இருக்கும். அதே கோப்பில் டேபிள் ப்ரிஃபிக்ஸையும் (டேபிள் பெயர்களின் முன்னொட்டு) பாருங்கள். பிறகு சாஃப்டாகுலஸ் பட்டியலில் அந்தப் பதிவின் விவரத்தைத் திறந்து அங்கே காட்டும் டேட்டாபேஸ் பெயரோடு ஒப்பிடுங்கள். அடுத்து, டேட்டாபேஸைத் திறந்து பார்க்கும் கருவியான பிஎச்பிமைஅட்மினில் அந்த டேட்டாபேஸை எக்ஸ்போர்ட் செய்து உங்கள் கணினியில் இறக்கி வையுங்கள். பப்ளிக்_எச்டிஎம்எல் முழுவதையும் ஜிப் செய்து அதையும் இறக்குங்கள். சர்வரிலேயே வைத்த பேக்கப்பை மட்டும் நம்பாதீர்கள்; கணக்குக்கு ஏதாவது ஆனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

ஃபைல் மேனேஜரின் செட்டிங்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லிவிட்டு, சர்வருக்கான விதிகள் இருக்கும் எச்டி-ஆக்சஸ் கோப்பு இருக்கிறதா, உள்ளே என்ன இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

முகில்:
நல்லவேளை கேட்டேன். டிபி_நேமில் இருப்பதும் சாஃப்டாகுலஸ் காட்டுவதும் ஒரே பெயர். ப்ரிஃபிக்ஸ் வழக்கமான ‘டபிள்யூபி_’ இல்லை, வேறு எழுத்துகளும் சேர்ந்து இருக்கிறது. டேட்டாபேஸ், கோப்புகள் இரண்டையும் இறக்கிவிட்டேன்.

எச்டி-ஆக்சஸ் கோப்பு இருக்கிறது, ஆனால் சிபேனல் எழுதிய பிஎச்பி பதிப்பு பற்றிய சில வரிகள் மட்டும்தான். வேர்ட்பிரஸ் என்று எதுவும் இல்லை. இதை அழித்துவிடட்டுமா?

ஆழிமுனை:
அழிக்க வேண்டாம். அந்த வரிகள் போனால் டொமைன் வேறு பிஎச்பி பதிப்புக்கு மாறிவிடக்கூடும்.

நடந்தது தெளிவாகிவிட்டது. மறைந்த கோப்புகள் ஃபைல் மேனேஜரில் தெரியாததால், நகர்த்தும்போது வேர்ட்பிரஸின் எச்டி-ஆக்சஸ் கோப்பு பழைய ஃபோல்டரிலேயே தங்கி, அதோடு அழிந்திருக்கிறது. உள்பக்கங்கள் 404 ஆவதற்குக் காரணம் அதுதான். அழகான முகவரிகளை இன்டெக்ஸ் கோப்புக்குத் திருப்பிவிடும் விதிகள் அதில்தான் இருக்கும்.

வடிவமைப்பும் லாகினும் வேறு விஷயம். வேர்ட்பிரஸ் இரண்டு முகவரிகளை வைத்திருக்கிறது. ‘ஹோம்’ என்பது வாசகர் வந்து சேரும் முகவரி. ‘சைட்யூஆர்எல்’ என்பது வேர்ட்பிரஸ் கோப்புகள் இருக்கும் இடம். கோப்புகளைத் துணை ஃபோல்டரிலேயே விட்டுவிட்டு, ஹோம் முகவரியை மட்டும் மாற்றி, இன்டெக்ஸ் கோப்பை மேலே நகலெடுத்து ஒரு வரியைத் திருத்தும் முறை ஒன்று உண்டு. வேர்ட்பிரஸின் அதிகாரபூர்வ உதவிப் பக்கங்களிலேயே இருக்கிறது, நல்ல முறைதான். உங்களுக்கு முன்பு இருந்தவர் அதில் பாதியைச் செய்துவிட்டுக் கோப்புகளையும் நகர்த்தியிருக்கிறார் என்று தோன்றுகிறது. ஹோம் சரியாக இருப்பதால் முகப்பு திறக்கிறது. சைட்யூஆர்எல் பழையதாக இருப்பதால் ஸ்டைல் கோப்புகளையும் லாகினையும் டபிள்யூபி ஃபோல்டரில் தேடுகிறது.

பிஎச்பிமைஅட்மினில் உங்கள் ப்ரிஃபிக்ஸோடு ‘ஆப்ஷன்ஸ்’ என்று முடியும் டேபிளைத் திறந்து, சைட்யூஆர்எல் வரிசையின் மதிப்பிலிருந்து ‘/டபிள்யூபி’ பகுதியை நீக்குங்கள். கடைசியில் சாய்கோடு வேண்டாம். பிரௌசர் கேஷை அழித்துவிட்டு லாகின் செய்யுங்கள். உள்ளே போனதும் செட்டிங்ஸில் பெர்மாலிங்க்ஸ் பக்கத்துக்குப் போய், எதையும் மாற்றாமல் சேவ் மட்டும் அழுத்துங்கள். வேர்ட்பிரஸ் தன் விதிகளை எச்டி-ஆக்சஸில் சேர்த்துக்கொள்ளும். சிபேனலின் வரிகளைத் தொடாது.

முகில்:
தளம் வந்துவிட்டது! லாகின், உள்பக்கங்கள் எல்லாம் சரி. ஆனால் பழைய கட்டுரைகளில் படங்கள் தெரியவில்லை. படத்தின் முகவரியைப் பார்த்தால் நடுவில் இன்னும் டபிள்யூபி ஃபோல்டர் இருக்கிறது. பிஎச்பிமைஅட்மினிலேயே தேடி மாற்றிவிடட்டுமா?

வெண்பலகை:
அங்கே செய்யாதீர்கள். இது நிறையப் பேர் தவறவிடும் இடம். விட்ஜெட்டுகள், தீம் அமைப்புகள் போன்றவற்றை வேர்ட்பிரஸ் பிஎச்பியின் சீரியலைஸ் முறையில் சேமிக்கிறது. ஒவ்வொரு சொல்தொடருக்கும் முன்னால் அதன் நீளமும் எண்ணாக எழுதப்பட்டிருக்கும். ஆங்கிலத்தில் ‘/டபிள்யூபி’ என்பது 3 எழுத்து. நேரடியாக அழித்தால் சொல்தொடர் 3 குறையும், முன்னால் இருக்கும் எண் மாறாது. கணக்கு ஒத்துப்போகாததால் பிஎச்பியால் அந்த அமைப்பைப் படிக்க முடியாமல் போய், மெனுவோ பக்கப்பட்டையோ காலியாகிவிடும்.

பெட்டர் சர்ச் ரிப்ளேஸ் என்ற பிளகினைப் பயன்படுத்துங்கள். அது அந்த நீளத்தையும் சேர்த்துத் திருத்தும். ‘/டபிள்யூபி’ என்று மட்டும் தேடினால், வேர்ட்பிரஸின் சொந்த ஃபோல்டர் பெயர்களும் அதே எழுத்துகளில் தொடங்குவதால் எல்லாம் சிதைந்துவிடும். டொமைன் பெயரோடு சேர்த்து, கடைசிச் சாய்கோடு வரை முழுதாகக் கொடுங்கள். முதலில் ட்ரை ரன் டிக்கோடு ஓட்டி எத்தனை இடத்தில் மாறும் என்று பாருங்கள். ஒவ்வொரு பதிவின் நிலையான அடையாளமான ஜிஐயுடி என்ற நெடுவரிசையை மாற்றும் தேர்வை டிக் செய்யாமல் விடுங்கள். வேலை முடிந்ததும் பிளகினை நீக்கிவிடலாம். எஸ்எஸ்எச் வசதி (சர்வரில் கட்டளைகளைத் தட்டச்சும் வழி) இருந்தால் டபிள்யூபி-சிஎல்ஐ கருவியிலும் இதையே செய்யலாம்.

முகில்:
ட்ரை ரன் பார்த்துவிட்டு ஓட்டினேன். படங்கள் எல்லாம் வந்துவிட்டன. மிக்க நன்றி. இனி சாஃப்டாகுலஸ் பட்டியல் மட்டும்தான் பாக்கி.

ஆழிமுனை:
அதற்கு நீக்க வேண்டிய அவசியமே இல்லை. பட்டியலில் பென்சில் ஐகானை அழுத்தினால் விவரங்களைத் திருத்தும் பக்கம் வரும். ஃபோல்டரின் பாதையையும் தள முகவரியையும் புதியதாக மாற்றிச் சேமித்தால் போதும். டேட்டாபேஸ் விவரம் ஏற்கெனவே சரி.

சாஃப்டாகுலஸ் உங்கள் தளத்தைக் கண்காணித்துக்கொண்டே இருப்பதில்லை. தன்னிடம் எழுதி வைத்த பாதையை வைத்துத்தான் அப்கிரேடு, பேக்கப், நீக்கம் எல்லாமே செய்யும். கையால் ஒன்றை நகர்த்தினால் அந்தப் பதிவையும் அன்றைக்கே திருத்திவிட வேண்டும். தளத்தை எடுத்து நடத்துபவர் அடிக்கடி மாறும் இடங்களில் இதை நான் விடாமல் சொல்வேன். வேறு ஹோஸ்டிங்கில் இதே வேலைக்கு டபிள்யூபி டூல்கிட் என்ற கருவி இருந்தால் அதில் ‘டிடாச்’, ‘ரிமூவ்’ என்று இரண்டு இருக்கும். டிடாச் பட்டியலிலிருந்து மட்டும் விலக்கும். ரிமூவ் தளத்தையே அழிக்கும்.

தறிநூல்:
இதற்குத்தான் இன்ஸ்டாலரே வேண்டாம், கையால் நிறுவுங்கள் என்று சொல்வார்கள் போல.

வெண்பலகை:
அதை நான் ஏற்கமாட்டேன். கையால் கோப்புகளை ஏற்றிவிட்டு நிறுவலை முடிக்காமல் விட்டால், அந்த அமைப்புப் பக்கம் உலகத்துக்கே திறந்து கிடக்கும். யார் முதலில் வருகிறாரோ அவர் தன் டேட்டாபேஸைக் கொடுத்துத் தளத்தைத் தன் வசமாக்கிக்கொள்ளலாம். அப்படிப்பட்ட பக்கங்களைத் தேடி ஸ்கேன் செய்பவர்கள் உண்டு. இன்ஸ்டாலர் டேட்டாபேஸ், பயனர், சாவிகள், அட்மின் கணக்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவதால் அந்த இடைவெளி கிடையாது. நிறுவும்போது ஃபோல்டர் கட்டத்தைக் காலியாக விட்டு, அட்மின் பெயரை மாற்றி, வலுவான பாஸ்வேர்டு கொடுத்தால் போதும்.

முகில், இன்னும் ஒன்று. வேர்ட்பிரஸ் 2013இல் வந்த 3.7 பதிப்பிலிருந்தே சிறு அப்டேட்டுகளைத் தானே செய்துகொள்கிறது. 2020இல் வந்த 5.6 முதல் புதிய நிறுவல்களில் பெரிய அப்டேட்டும் தானாகவே. சாஃப்டாகுலஸிலும் ஆட்டோ அப்கிரேடு இருந்தால் இரண்டும் ஒரே வேலையைச் செய்யும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முகில்:
பென்சில் ஐகான் வழியாக மாற்றிவிட்டேன். பட்டியலில் சரியான முகவரி வருகிறது, அங்கிருந்து எடுத்த பேக்கப்பும் முழுதாக முடிந்தது. அப்டேட்டை வேர்ட்பிரஸிடமே விட்டுவிட்டேன். சாஃப்டாகுலஸின் பேக்கப் பகுதியில் டபிள்யூபி ஃபோல்டர் காலத்துப் பழைய பேக்கப் ஒன்று இருக்கிறது. அது அப்படியே இருக்கலாமா?

ஆழிமுனை:
இறக்கி உங்கள் கணினியில் வைத்துக்கொண்டு அங்கிருந்து நீக்கிவிடுங்கள். நாளைக்கு யாராவது அவசரத்தில் அதை ரீஸ்டோர் செய்தால், பழைய டேட்டாபேஸ் இப்போதைய டேட்டாபேஸின் மேல் எழுதப்பட்டு, அதற்குப் பிறகு வந்த கட்டுரைகள் எல்லாம் போய்விடும். பேக்கப்பின் பெயரில் தேதியையும் ‘இடம் மாறும் முன்’ என்பதையும் சேர்த்து வையுங்கள்.

முகில்:
சரி, செய்துவிட்டேன். டேட்டாபேஸ் பெயர், ப்ரிஃபிக்ஸ், தளம் இருக்கும் பாதை மூன்றையும் ஒரு தாளில் எழுதி, அடுத்துப் பொறுப்புக்கு வருபவரிடம் கொடுக்க எடுத்து வைத்திருக்கிறேன்.