இரவானால் வயர்லெஸ் மவுஸ் திணறுகிறது, ஹெட்போனும் விட்டு விட்டுக் கேட்கிறது

இரவுப்பணி

வணக்கம். இரண்டு வாரமாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், யாராவது வழி சொல்லுங்கள்.

டெஸ்க்டாப் கணினி, விண்டோஸ் 11. கீபோர்டும் மவுஸும் ஒரே குட்டி யூஎஸ்பி ரிசீவரில் ஓடுபவை. ஹெட்போன் மட்டும் ப்ளூடூத், அதற்குத் தனியாக ஒரு டாங்கிள் (யூஎஸ்பி போர்ட்டில் செருகும் குட்டிக் கருவி). பகல் முழுக்க எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றன. இரவு ஒன்பது மணி தாண்டியதும் கர்சர் தத்தித் தத்திப் போகிறது, தட்டிய எழுத்தில் ஒன்றிரண்டு விழுவதில்லை, சில நேரம் ஒரே எழுத்து வரிசையாகப் பத்து முறை விழுகிறது, அதே நேரத்தில் ஹெட்போனிலும் சத்தம் அறுந்து அறுந்து வருகிறது. முக்கால் மணி நேரம் போனால் தானாகவே சரியாகிவிடும்.

புது பேட்டரி போட்டேன். டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். மவுஸையும் ரிசீவரையும் வேறொரு லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தேன், அங்கே ஒரு குறையும் இல்லை. அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் இரவில் மும்முரமாக ஓடுவதால் இருக்குமோ என்று ஒரு சந்தேகம். நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவன், எனக்கு இரவில்தான் வேலை ஓடும், அந்த நேரம் பார்த்து எழுத்து விழாமல் போனால் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

கணினிப்பிரியன்

முதலில் மின்சேமிப்பைப் பாருங்கள் நண்பரே. டிவைஸ் மேனேஜரைத் திறந்து, யூஎஸ்பி ரூட் ஹப் என்று இருப்பதன் ப்ராப்பர்ட்டீஸுக்குள் போனால் பவர் மேனேஜ்மென்ட் என்று ஒரு தாவல் இருக்கும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். ப்ளூடூத் டாங்கிளுக்கும் அதையே செய்யுங்கள். அப்புறம், ஷட்டவுன் செய்து மறுபடி ஆன் செய்வது வேறு, ரீஸ்டார்ட் வேறு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கினால் ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் தன் உள்நிலையைச் சேமித்து வைத்துக்கொண்டு அதிலிருந்தே எழுந்திருக்கும், டிரைவர் கோளாறு அப்படியே தங்கிவிடும். அதனால் ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள்.

அலைவரிசை

மேலே சொன்னது நல்ல யோசனைதான், ஆனால் மின்சேமிப்புக் கோளாறு வேறு மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் கைவைக்காமல் விட்டால் மவுஸ் தூங்கிப்போகும், அசைத்தால் ஒரு நொடி கழித்து எழுந்திருக்கும், அதன்பின் ஒழுங்காக ஓடும். உங்களுக்கோ பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே திணறுகிறது, அதுவும் இரண்டு வேறு ரிசீவர்களிலும் ஒரே நேரத்தில். அப்படியானால் கோளாறு மவுஸிலும் இல்லை, ஹெட்போனிலும் இல்லை, இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்றில் இருக்கிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன்: ஒன்பது மணிக்கு அந்தக் கணினியில் வேறு என்ன நடக்கிறது? வெளியே மாட்டிய ஹார்ட் டிஸ்க் ஏதாவது இருக்கிறதா, இருந்தால் ரிசீவருக்குப் பக்கத்துப் போர்ட்டிலா?

இரவுப்பணி

நீங்கள் கேட்டதும் சட்டென்று உறைத்தது. தினமும் ஒன்பது மணிக்கு பேக்கப் ஓடும்படி வைத்திருக்கிறேன்! வெளி ஹார்ட் டிஸ்க் முன்பக்கத்து நீல நிறப் போர்ட்டில் இருக்கிறது, அதற்கு அடுத்த போர்ட்டிலேயே மவுஸ் ரிசீவர், அதற்குக் கீழே ப்ளூடூத் டாங்கிள். ஆனால் டிஸ்க் கம்பி வழியாகத்தானே பேசுகிறது, அதற்கும் வயர்லெஸுக்கும் என்ன சம்பந்தம்?

அலைவரிசை

சம்பந்தம் இருக்கிறது, நிறையப் பேருக்கு இது தெரியாததால்தான் நல்ல மவுஸைக் குறை சொல்லிப் புதிதாக வாங்குகிறார்கள். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்கள் நீல நிறப் போர்ட் அனேகமாக யூஎஸ்பி 3.0 வகை. யூஎஸ்பி 3.0 நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தகவல் அனுப்புகிறது. அவ்வளவு வேகமாக மின்துடிப்புகள் ஓடும்போது கேபிளிலிருந்தும், அது போர்ட்டில் சேரும் இடத்திலிருந்தும், டிஸ்க் பெட்டியிலிருந்தும் ரேடியோ இரைச்சல் கசியும். அந்த இரைச்சல் ஒரு புள்ளியில் நிற்காமல் பரந்து விரிந்து கிடக்கும், 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். உங்கள் மவுஸ், கீபோர்டு, ப்ளூடூத் எல்லாம் பேசுவது அதே பகுதியில்தான். இன்டெல் நிறுவனம் 2012-ல் வெளியிட்ட ஒரு தொழில்நுட்பக் கட்டுரையிலேயே இதை அளந்து காட்டியிருக்கிறது, வயர்லெஸ் மவுஸை வைத்தே சோதித்திருக்கிறார்கள்.

பக்கத்து வைஃபை மேல் நீங்கள் சந்தேகப்பட்டதிலும் நியாயம் இருக்கிறது, அதுவும் 2.4-ல் ஓடலாம். ஆனால் வைஃபை ஒரு நேரத்தில் பெரும்பாலும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைத்தான் பிடித்துக்கொள்ளும். சாதாரண ப்ளூடூத் 2402-லிருந்து 2480 மெகாஹெர்ட்ஸ் வரை 79 தடங்களில் நொடிக்கு 1600 முறை தாவிக்கொண்டே இருப்பதால், நெரிசலான தடங்களை விட்டுவிட்டு மற்றவற்றில் சமாளித்துக்கொள்ளும். யூஎஸ்பி இரைச்சலோ எல்லாத் தடங்களிலும் பரவியிருக்கிறது, தாவிப் போய் ஒதுங்க இடமே இல்லை. அதுவும் பேட்டரியை மிச்சம் பிடிக்க மவுஸ் மிக மெல்லிய சிக்னலைத்தான் அனுப்புகிறது. அதைக் கேட்க வேண்டிய ரிசீவர், இரைச்சல் கிளம்பும் இடத்திலிருந்து இரண்டு விரற்கடை தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஒரே எழுத்து பத்து முறை விழுவதும் இதனால்தான்: விசையை அழுத்திய செய்தி வந்து சேர்ந்துவிட்டது, விட்ட செய்தி தொலைந்துவிட்டது, கணினி இன்னும் அழுத்திக்கொண்டிருப்பதாகவே நினைக்கிறது.

சரி, இதுதான் காரணமா என்று உறுதி செய்ய ஒரு சோதனை. பகலிலேயே பேக்கப்பை ஓடவிட்டு, மவுஸ் திணறுகிறதா பாருங்கள். திணறினால், பேக்கப்பை நிறுத்தி டிஸ்க்கை முறையாக எஜெக்ட் செய்துவிட்டு, அதே கேபிளைப் பின்பக்கத்தில் இருக்கும் ஒரு யூஎஸ்பி 2.0 போர்ட்டில் மாட்டி மறுபடி ஓடவிடுங்கள் (அனேகமாகக் கறுப்பு நிறம், ஆனால் நிறத்தை மட்டும் நம்பாமல் மதர்போர்டு கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்). வேகம் குறையும், ஆனால் மவுஸ் சரியாகிவிட்டால் விஷயம் தெளிவு. அப்படியே விட்டுவிட வேண்டாம், பேக்கப் இழுத்துக்கொண்டே போகும். டிஸ்க்கைப் பழையபடி நீலப் போர்ட்டுக்கு மாற்றிவிட்டு, ஒரு சாதாரண யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிளில் ரிசீவரை மாட்டி, மவுஸுக்குப் பக்கத்தில் மேசைமேல் வையுங்கள். ரிசீவருக்கு அதிக வேகம் தேவையே இல்லை, அதனால் மலிவான கேபிளே போதும். ப்ளூடூத் டாங்கிளையும் டிஸ்க்கை விட்டுத் தள்ளி வையுங்கள்.

கணினிப்பிரியன்

இது எனக்கும் புதுச் செய்தி, நன்றி. ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: டாங்கிள் இல்லாமல் மதர்போர்டிலேயே ப்ளூடூத் வைத்திருப்பவர்கள் பின்பக்கத்து ஆன்டெனாக்களைத் திருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். வைஃபை வேண்டாம், கேபிள் நெட்தான் என்று ஆன்டெனாவைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள், ப்ளூடூத்துக்கும் அதுதான் ஆன்டெனா என்பது தெரியாமல். ஹெட்போனோடு நாற்காலியில் சாய்ந்தாலே சத்தம் அறுந்துபோகும்.

இருவழிப்பாதை

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், என் பிரச்சினையும் ப்ளூடூத்தான். லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருக்கிறேன். ஒன்றில் ஹெட்போனை இணைத்தால் மற்றொன்றில் இணைய மறுக்கிறது, ஒவ்வொரு முறையும் நீக்கிவிட்டு மறுபடி பேரிங் செய்ய வேண்டியிருக்கிறது.

அலைவரிசை

உங்களுடையது வேறு கதை. பேரிங் செய்யும்போது இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி வைத்துக்கொள்ளும். ஹெட்போனுக்கு நீங்கள் விண்டோஸில் இருக்கிறீர்களா லினக்ஸில் இருக்கிறீர்களா என்பது தெரியாது, இரண்டிலும் லேப்டாப்பின் ப்ளூடூத் முகவரி ஒன்றுதான் என்பதால் புதுச் சாவியைப் பழையதன் மேலேயே எழுதிவிடும். இன்னொரு பக்கம் பழைய சாவியோடு வந்தால் கதவு திறக்காது. தீர்வு என்னவென்றால், முதலில் லினக்ஸில் பேரிங், பிறகு விண்டோஸில் பேரிங், அப்புறம் விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும் சாவியை எடுத்து லினக்ஸின் ப்ளூடூத் கோப்பில் அந்த ஹெட்போனுக்கான இடத்தில் எழுதி, ப்ளூடூத் சேவையை ரீஸ்டார்ட் செய்வது. சரியாகச் செய்தால் இரண்டிலும் தானாக இணையும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் ப்ளூடூத் லோ எனர்ஜி வகை மவுஸ், கீபோர்டு என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்புகளை மாற்ற வேண்டும். விவரம் வேண்டுமானால் தனித் திரி தொடங்குங்கள், வருகிறேன்.

இரவுப்பணி

நேற்று மதியமே பேக்கப்பை ஓடவிட்டேன், அந்த நொடியே கர்சர் தத்த ஆரம்பித்தது. டிஸ்க்கை 2.0 போர்ட்டுக்கு மாற்றினேன், மவுஸ் வழுக்கிக்கொண்டு ஓடியது. பழைய பெட்டியில் ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் கிடந்தது, ரிசீவரை அதில் மாட்டி கீபோர்டுக்குப் பின்னால் வைத்துவிட்டேன், டிஸ்க் மறுபடி நீலப் போர்ட்டிலேயே. இரவு ஒன்பதிலிருந்து பதினொன்று வரை எழுதினேன், ஒரு எழுத்துகூடத் தவறவில்லை.

ஹெட்போன் மட்டும் இரண்டு தடவை லேசாக அறுந்தது, டாங்கிள் இன்னும் முன்பக்கத்தில்தான் இருக்கிறது. இன்னொரு கேபிள் வாங்கி அதையும் மேசைக்குக் கொண்டுவந்துவிட்டுச் சொல்கிறேன். இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி.